புலி எத்தனை ஆடு தின்றால் ஜெயம்?

மேலநீலிதநல்லூரில் என் வயதுக்காரர்கள் யாரும் ஆடுபுலிக் கட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. திண்ணையில் கரிக்கட்டியால் போட்டுக்கொள்வோம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் என்றால் சாக்பீஸ். மேலே ஒரு முக்கோணம், அதன் குறுக்கே ஒரு செவ்வகம், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் 23. புலி 3, ஆடு 15. புலிக்கு ஓட்டாஞ்சில்லு. ஆட்டுக்கு வேப்பமுத்து. ஆனி, ஆடியில் மரத்தடியெல்லாம் முத்தாய்க் கிடக்கும், ஆட்டுக்குப் பஞ்சமே இருக்காது.

ஆட்டம் ஒருதலையாகத் தொடங்கும். புலிகள் மூன்றும் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலியோ முதல் முறையிலிருந்தே நடக்கலாம். பக்கத்தில் ஆடு நின்று, அதற்கு நேர் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் தாண்டிக் குதித்து ஆட்டை எடுத்துவிடும். ஆடுகளுக்குக் கொல்லும் உரிமை கிடையாது. சுற்றி வளைத்து, மூன்று புலியையும் நகர முடியாமல் பண்ணினால்தான் அவற்றுக்கு வெற்றி. பலமில்லாதவன் கூட்டம் சேர்ந்து பலசாலியை முடக்கும் இந்தக் கணக்கு புரிய எங்களில் பலருக்கு ஒரு கோடை விடுமுறையே பிடித்தது. விடுமுறையில் நிஜ ஆடு மேய்க்கப் போன பையன்கள் மட்டும் சீக்கிரம் தேறினார்கள். முதலில் ஓரத்தில் வை, கோடு முடிகிற இடத்தில் நிற்கும் ஆட்டைப் புலி தாண்டினால் போய் விழ இடமிருக்காது என்று சொல்லித் தந்தது அப்படி ஒருவன்தான். ஒரு ஆட்டை வேண்டுமென்றே காவு கொடுத்துப் புலியை ஒரு மூலைக்கு இழுக்கும் வித்தையும் அவனுடையதே.

ஆனால் நான் எழுத வந்தது ஆடும் திறமையைப் பற்றியல்ல, சண்டையைப் பற்றி. எத்தனை ஆடு தின்றால் புலிக்கு ஜெயம்? எங்கள் தெருவில் 5 என்றால் அடுத்த தெருவில் 6. ஒரே மூச்சில் இரண்டு ஆட்டைத் தாண்டலாமா? தின்ன வாய்ப்பிருந்தும் தின்னாமல் வேறு பக்கம் போகப் புலிக்கு அனுமதி உண்டா? அத்தை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிள்ளை ஆடினால் முதல் அரைமணி நேரம் இந்தப் பேச்சுவார்த்தையிலேயே கழியும். தீர்ப்புச் சொல்ல ஒரு ஆச்சி எப்போதும் திண்ணையில் இருப்பாள். வெற்றிலையை இடித்துக்கொண்டே ஒரு கண்ணைக் கட்டத்தின் மேல் வைத்திருப்பாள். அவசரப்பட்டு எவனாவது ஆட்டை நகர்த்தினால், "எல்லா ஆடும் வந்து சேரட்டும்ல. அதுக்குள்ள என்ன அவசரம் ஒனக்கு?" என்று ஒரு அதட்டல் விழும். சின்னப் பிள்ளை தோற்றுக்கொண்டே இருந்தால் விதி கொஞ்சம் வளையும். "அவனுக்கு ஒரு ஆடு கூடக் குடுங்கலே." யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம்.

தாயத்திலும் இதே கதைதான். பித்தளைத் தாயக்கட்டை இருக்கிற வீட்டில் அது. இல்லாத வீட்டில் ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய புளியமுத்து. தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும் என்பது எல்லாருக்கும் பொது. ஒரு வெட்டாவது வெட்டாமல் பழமாக முடியுமா, மலையில் இருக்கும் காயை வெட்டலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு.

பரமபதத் தாள் மட்டும் கடையில் வாங்கும் பொருள். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனால் தேர் வீதிக் கடைகளில் மடித்து வைத்திருப்பார்கள். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் ஆட்டம் அது, ஆனால் எங்களுக்கு ஆடி மாதத்திலேயே ஏகாதசி வந்துவிடும். அந்தத் தாளின் பாம்புகள் வெறும் பாம்புகள் அல்ல, அசுரர் பெயர்களைச் சுமந்த பாம்புகள். ஏணிகளுக்கு நல்ல குணங்களின் பெயர். உச்சியை நெருங்கும்போது வாயைப் பிளந்து நிற்கும் பெரிய பாம்பின் முன்னால் எங்கள் காய் நின்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். இந்த ஊர்ப்பக்கம் பாம்பு என்றாலே ஒரு தனி மரியாதை உண்டு. சங்கரநாராயணர் கோவிலின் தலபுராணமே சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் போட்ட சண்டையில்தான் தொடங்குகிறது. அம்மன் ஊசிமுனையில் தவமிருந்து, இருவரும் ஒருவரே என்று காட்டச் சொல்லிக் கேட்டாள் என்பது ஆடித்தபசின் கதை. வீட்டில் பாம்பு, தேள் வந்தால் அவற்றின் சின்ன உலோக உருவங்களை வாங்கி உண்டியலில் போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த உருவங்களை எடுத்து ஆட வேண்டும் என்று எனக்கு அடக்க முடியாத ஆசை. கேட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

இன்றைக்கு அதே தெருவில் திண்ணைகள் குறைந்து கம்பிக் கதவுகள் வந்துவிட்டன. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது ஊரின் விலாசம் மாறியது. அதற்கு முன்பே பிள்ளைகளின் மாலை நேரம் மாறிவிட்டது. விளையாட்டு செத்துப்போச்சு என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு தாயக்கட்டை உருண்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதே மாதங்களில் 2016இல் வெளிவந்த லூடோ கிங் என்ற இந்தியச் செயலி நாடு முழுக்கப் பரவியது. லூடோ 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆட்டம். அது நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து எடுத்துச் சுருக்கியது. நாம் தூக்கிப் போட்டதாக நினைக்கும் ஆட்டம் வெளிநாட்டுக்குப் போய், சட்டை மாற்றிக்கொண்டு நம் கைப்பேசிக்கே திரும்பி வந்திருக்கிறது. பரமபதமும் அப்படித்தான் போனது. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் அதைச் சறுக்குமரமும் ஏணியுமாக்கி விற்றது. பாம்பையும் அசுரனையும் கழற்றிவிட்டு, சேட்டை செய்த பிள்ளை சறுக்கிக் கீழே விழுவதாகப் படம் போட்டார்கள்.

அதே மில்டன் பிராட்லி, கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட ஹீரோக்வெஸ்ட் என்ற ஆட்டத்தை, அது வெளிவந்து பல வருடம் கழித்து, பெங்களூரில் என் மருமகன் வீட்டில்தான் முதலில் பார்த்தேன். 2021இல் வந்த மறுபதிப்புப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக்கில் சின்னஞ்சிறு வீரர்கள், எலும்புக்கூடுகள், பூதங்கள், கதவு, பெட்டகம், மேசை. காட்டுவீரன், குள்ளன், எல்ஃப் என்ற வனவாசி, மந்திரவாதி என நால்வர் நிலவறைக்குள் நுழைவார்கள். ஒரே ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வரைபடத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பூதம் என்று தீர்மானிப்பார். அவர் பெயர் ஜார்கன். ஒருவனுக்கு எதிராகப் பலர், இரு தரப்புக்கும் வேறு வேறு பலம். எனக்கு ஆடுபுலி வாடை அடித்தது. மருமகன் சிரித்தார். "மாமா, இதுல புலி நாந்தான்."

உருவங்களின் அழகைக் குறை சொல்ல முடியாது. பூதத்தின் பல் வரை செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஓட்டாஞ்சில்லுக்குப் பல்லும் கிடையாது, வாலும் கிடையாது. அது உறுமியதெல்லாம் எங்கள் மண்டைக்குள்தான். அதற்காக ஓட்டாஞ்சில்லுதான் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். என் பத்து வயதில் அந்தப் பெட்டி கிடைத்திருந்தால் வேப்பமுத்தை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டேன்.

என்னை உறுத்தியது வேறு. புதிய பதிப்புக்கு ஒரு செயலி உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஜார்கனாக உட்கார ஆள் தேவையில்லை, கைப்பேசியே பூதங்களை நகர்த்தும். எல்லாரும் வீரர்களாகவே ஆடலாம், வசதிதான். ஆனால் அந்த ஆட்டத்தில் மனிதர் ஒருவர் கையில் இருந்த ஒரே அதிகாரம் அதுதான். எப்போது பயமுறுத்துவது, தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு எப்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை. எங்கள் ஆச்சி பார்த்த உத்தியோகமும் அதுவே. ஆடுபுலிச் செயலிகளிலும் விதி உறைந்துபோய்க் கிடக்கிறது. அதில் ஏமாற்ற முடியாது, ஆகவே சண்டையும் கிடையாது. சண்டையில்லாமல் முடியும் ஆட்டத்தில் பாதியைத்தான் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்பேன்.

நம் ஆட்டங்களைப் பெட்டிக்குள் போட்டு மீட்டவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய 'க்ரீடா' அப்படிப்பட்டது. பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் பரமபதத்தையும் பார்த்தேயிராத வீடுகளுக்கு அவர்களால் அவை போய்ச் சேர்ந்தன, பெரிய காரியம். இருந்தாலும் அச்சடித்த விதித்தாள் என்ற ஒன்று வந்துவிட்டால் எந்த ஊரிலும் அதுவே சட்டமாகிவிடுகிறது. இந்த வருடம் ஊரில் ஒரு பிள்ளையோடு ஆடியபோது, "தாத்தா, தாள்ல அப்படிப் போடலையே" என்று என்னை மடக்கினான். ஆறு ஆடு என்று நான் வாதாடிப் பார்த்தேன். தாள் ஜெயித்தது.

கீழடியில் தந்தத்தால் ஆன பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் காய் காயாகவே இருக்கிறது. அதை வைத்து என்ன ஆடினார்கள், எத்தனை விழுந்தால் உள்ளே போகலாம் என்று சண்டை போட்டார்கள் என்பது அவர்களோடு போய்விட்டது. பேச்சில் மட்டும் வாழும் விதிக்கு ஆயுசு ஒரு தலைமுறைதான்.

இதை உணர்ந்து வேலை செய்தவர் எங்கள் வட்டாரத்திலேயே பிறந்தார். 1902இல் சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணரைச் சொல்லாராய்ச்சிக்காகவே கொண்டாடுகிறோம். அவர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு நூலும் எழுதினார். ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இருவரும் சேர்ந்து ஆடுவது, பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று வகுத்து, ஆடும் முறையைப் பொறுமையாக விவரிக்கிறார். ஒரு பேரறிஞர் பிள்ளைகளின் கூச்சலுக்குள் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதில் யார் இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: உங்கள் தெருவில் புலி எத்தனை ஆடு தின்றால் ஜெயம்? தின்னாமல் போகலாமா? தாயத்தில் வெட்டாமல் பழமாகலாமா? கேட்டதை ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோவில் திருப்பணி நடக்கும் ஊர் என்றால், கிரானைட் பதிப்பதற்கு முன்னால் மண்டபத்துத் தரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தமிழ்நாட்டின் பல கோவில்களில் இந்தக் கட்டங்கள் கல்லில் கீறிக் கிடக்கின்றன. கண்ணில் பட்டால் படம் எடுங்கள், முடிந்தால் அந்த ஒரு கல்லை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.