உப்பு பிடித்துவைக்கும் நீர்

குரோம்பேட்டை என்றவுடன், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பார் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியையும், தோலைப் பதப்படுத்தும் குரோமிய உப்பையும் நினைவுகூர்வோர் இன்றும் உளர்; ஆயினும் அத்தொழிலில் குரோமியத்துக்கு முன்னரே வந்து, யாவும் முடிந்த பின்னரும் நீங்காது நிற்பது சாதாரணச் சமையலுப்பேயாகும்.

உரித்த பச்சைத்தோலின்மீது உப்பைத் தாராளமாக அப்புகிறார்கள். தோலிலுள்ள நீரில் அது கரைந்தவுடன், நீர்மூலக்கூறுகள் ஆவியாக வெளியேறும் வீதம் தணிந்து ஆவியழுத்தம் தாழ்வதோடு, அழுகலை விளைவிக்கும் கிருமிகளுக்கும் நீர் எட்டாப் பொருளாகிவிடுகிறது. கரைசலின் ஆவியழுத்தம், அதிலுள்ள துகள்களில் நீரின் பங்குக்கு, அதாவது மோல் பின்னத்துக்கு, ஏற்பவே அமையுமென்பது 1880களில் பிரெஞ்சு விஞ்ஞானி ரவூல்ட் கண்ட நியமம். 30 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஆவியழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். 100 கிராம் நீரில் 36 கிராம் உப்புக் கரைந்து தெவிட்டிய நிலையிலோ ஏறக்குறைய 24 மட்டுமே. உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிவதைக் கணக்கில் கொண்டாலும் நியமம் கூறும் குறைவு 18 சதவீதந்தான். மெய்யான குறைவோ 25. நீர்த்த கரைசலுக்கென வகுத்த நியமத்திடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதே உப்பை அளப்பதில் ஆளுக்கொரு பிரமாணம். அமிலத்தில் தோல் உப்பிப் போகாதிருக்க உப்புநீரின் செறிவைப் பார்க்கும் தொழிலாளி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு 'பாமே' டிகிரியில் சொல்வார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்னும். ரசாயன ஆசிரியரோ, தெவிட்டிய கரைசலில் ஒரு கிலோ நீருக்கு 6.15 மோல் என்று மோலாலிட்டியில் கூறுவார். வெப்பத்தால் கன அளவு விரிந்து, ஒரு லிட்டர் கரைசலுக்கு இத்தனை மோல் எனும் மோலாரிட்டி மாறினும் மோலாலிட்டி மாறாதாகையால், ஆவியழுத்த ஆராய்ச்சிக்கு இதுவே உகந்தது என்பது என் துணிபு.

கழிவு உப்புநீரை வெயிற் பாத்திகளில் வற்றவைக்கும்போது, செறிவு ஏற ஏற ஆவியழுத்தம் தாழ்ந்து, வற்றும் வேகமும் மந்தமாகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் ஐப்பசி இரவுகளிலோ, தெவிட்டிய உப்புநீர் நீரை விடுவதற்கு மாறாகக் காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்கிறது.