கணக்குப் பார்த்தபின் கொள்கை

கல்லாவில் இருப்பவரே கணக்கையும் தணிக்கை செய்தால் யாரும் ஏற்பதில்லை. வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். மெக்சிகோ நாடு இதற்கு நல்ல சான்று.

1997இல் அந்நாட்டு அரசு 'புரோகிரேசா' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் தவறாமல் அனுப்பும் ஏழைக் குடும்பங்களில், தாயின் கையில் ரொக்கம் கொடுத்தார்கள். பலன் உண்டா என்று ஆராயும் பொறுப்பு வாஷிங்டனிலுள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 506 கிராமங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்த 320 கிராமங்களுக்கு முதலிலும், மற்ற 186க்குப் பின்னரும் உதவி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது, முதலில் உதவி பெற்ற ஊர்களில் பெண் பிள்ளைகள் உயர் வகுப்புகளில் கூடுதலாகச் சேர்ந்திருந்தனர். குழந்தைகளின் நோய் குறைந்திருந்தது. காய்கறி, பழம், இறைச்சி வாங்குவது கூடியிருந்தது.

ஆட்சி மாறினால் பழைய திட்டத்தை மூடுவது அங்கு வழக்கம். 2000இல், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது. ஆயினும் ஆய்வு முடிவுகள் கையில் இருந்ததால், புதிய அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. 2002இல் பெயரை மட்டும் மாற்றி, நகரங்களுக்கும் விரித்தது. வேறு பல நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின.

2019இல் மற்றோர் அரசு இதை நிறுத்தியது. ஆய்வு வழிகாட்டும், முடிவு ஆட்சியாளருடையது. எனினும் நம் சங்கங்கள் அரசுக்கு மனுக் கொடுக்கும்போது, வெளியார் எடுத்த கணக்கையும் இணைத்தால் அதற்குத் தனி எடை உண்டு.