விலகி நின்ற போர்க்கப்பல்கள்

நம்ம அரியலூரில் கடல் இருந்தது பல கோடி வருஷத்துக்கு முன்னாடி! இது 1942-ல் நடந்த கடல் கதை.

இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனுக்கு ராமிலீஸ், ரெசல்யூஷன், ரிவெஞ்ச், ராயல் சாவரின் என்று 4 பழைய போர்க்கப்பல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 15 அங்குலப் பீரங்கிகள் 8. ஆனா வேகம் கம்மி. தலைக்கு மேலே வரும் விமானத்தைப் பெரிய பீரங்கி என்ன செய்யும்?

ஏப்ரல் 5-ல் ஜப்பான் 5 விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்து கொழும்பைத் தாக்கியது, 9-ல் திருகோணமலையை. தளபதி சோமர்வில் அந்த நான்கையும் மாலத்தீவின் அட்டுத் தீவுப் பக்கம் விலக்கி வைத்திருந்தார். பிறகு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவுக்கு அனுப்பிவிட்டார். பயந்து ஓடிட்டாங்கன்னு சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கல. விமானமே இல்லாமல் போன ஹெர்மிஸ் கப்பல் மட்டக்களப்பு அருகே மூழ்கி, 300 பேருக்கு மேல் இறந்தாங்க.

தப்பிய ராமிலீஸ் 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் அதே பீரங்கிகளால் சுட்டது.