அவசர அறுவைச் சிகிச்சை: கணக்கில் வராத மணி நேரங்கள்

ஹைதராபாதில் 2005 ஆகஸ்ட் 15-ம் தேதி 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. அழைப்பு வந்த நேரம், வண்டி நோயாளியை அடைந்த நேரம், மருத்துவமனையில் சேர்த்த நேரம் ஆகியவற்றைக் கணினியில் குறித்து வைக்கும் வழக்கமும் அதனுடன் வந்தது.

2007 ஏப்ரல் 1-ல், அப்போதைய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் அரசு, ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தை மூன்று மாவட்டங்களில் தொடங்கியது. எந்த மருத்துவமனையில், யாருக்கு, என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை என்ற விவரங்கள் குவியத் தொடங்கின.

ஆனால், குடலில் ஓட்டை விழுந்து வந்தவர் அறுவை அரங்குக்குள் செல்லும்வரை எத்தனை மணி நேரம் காத்திருந்தார்? மயக்க மருந்து நிபுணர் இல்லையென்று வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஆம்புலன்ஸின் கணக்கு மருத்துவமனை வாசலுடன் முடிந்துவிடுகிறது. காப்பீட்டுக் கணக்கு, பணம் கொடுப்பதற்கான கணக்கு; செய்த சிகிச்சையை அது சொல்லும், செய்யாமல் விட்டதைச் சொல்லாது.

இந்த இடைவெளியில் உயிர்கள் போகின்றன. வீடு வீடாகச் சென்று, இறந்தவர்களின் உறவினர்களிடம் விசாரித்துத் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. கடுமையான வயிற்றுக் கோளாறுகளால் 2010-ல் மட்டும் இந்தியாவில் 70 வயதுக்கு உள்பட்ட சுமார் 72 ஆயிரம் பேர் இறந்ததாக அது மதிப்பிட்டது. போதிய வசதியுள்ள மருத்துவமனை அனைவருக்கும் 50 கி.மீ. தொலைவுக்குள் இருந்திருந்தால் ஏறத்தாழ 50 ஆயிரம் மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் முடிவு. அதே ஆண்டில் லான்செட் ஆணையம், சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை ஆகிய மூன்றும் 2 மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றனவா என்பதை அளவுகோலாக வைத்தது.

தில்லியிலும் முயற்சி நடக்காமல் இல்லை. நீதி ஆயோக், எய்ம்ஸ் மருத்துவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 91 சதவீத மருத்துவமனைகளில் ஆம்புலன்ஸ் இருந்தது. அதில் பணியாற்றப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் 34 சதவீத இடங்களில்தான் இருந்தனர். அது ஒருமுறை எடுத்த கணக்கு. நாள்தோறும் எடுக்கும் கணக்கு எங்கே என்று நாடாளுமன்றத்தில் கேட்டால், "சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது' என்பதே எந்த ஆட்சியிலும் அமைச்சகத்துக்குக் கைகொடுக்கும் பதில். அரசு மருத்துவமனைகள் அவசரச் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே கூறிவிட்டது.

இதற்குப் பெரும் செலவும் தேவையில்லை. நோயாளி வந்த நேரம் அவசரப் பிரிவுப் பதிவேட்டிலும், அறுவை தொடங்கிய நேரம் அறுவை அரங்கப் பதிவேட்டிலும் எழுதப்படுவதுதான். இரண்டையும் ஒரே நோயாளி எண்ணில் சேர்த்துப் பார்க்க ஓர் ஊழியர் வேண்டும்.