லாயியேயிலிருந்து வந்த கடிதம்

1980களின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவில் வாழ்ந்த கிடார் கலைஞர் பாப் பிராஸ்மனுக்கு ஹவாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு, லாயியே என்ற சிற்றூரிலிருந்து ஒரு முதியவர் எழுதியிருந்தார். 1920களில் தான் வாசித்த அதே பாணியில் இந்த இளைஞர் வாசிக்கிறாரே என்பது முதியவரின் வியப்பு. எழுதியவர் யார் என்று தெரிந்தபோது பிராஸ்மனுக்குப் பிறந்த வியப்போ அதைவிடப் பெரியது. அவர் டாவ் மோயே. 1929இல் டோக்கியோவில் 'மேடம் ரிவியேரின் ஹவாயியர்கள்' என்ற குழு பதிவு செய்த பழைய இசைத்தட்டுகளில் ஸ்டீல் கிடார் வாசித்தவர். அந்தத் தட்டுகளின் ஒவ்வொரு சுரமும் பிராஸ்மனுக்குப் பாடம். வாசித்தவர் இன்னும் இருக்கிறார் என்பது மட்டும் தெரியாது. ஹவாய் இசை ரசிகர்கள் இதை ஓர் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்வார்கள். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மேடையேறிய ஒருவரைக் கண்டுபிடிக்க அதிர்ஷ்டம் எதற்குத் தேவைப்பட்டது? ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களின் கலைஞர்கள் மறக்கப்படுவதற்கு அவர்களுடைய வாசிப்பின் தரம் காரணமில்லை. அவர்கள் பெயர் எங்கே எழுதப்பட்டது, எங்கே எழுதப்படவில்லை என்பதுதான் காரணம். அது புரிந்தால் அவர்களைத் தேடும் வழியும் புரியும்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். ஸ்டீல் கிடார் என்றால் எஃகால் செய்த கிடார் அல்ல. கிடாரை மடியில் மல்லாத்தி வைத்து, தந்திகளைப் பலகையில் படாதபடி சற்று உயர்த்தி, இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே வாசிக்கும் முறை அது. விரலால் மெட்டில் அழுத்தும்போது சுரம் படிப்படியாகத் தாவும்; எஃகு வழுக்கும்போது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியில்லாமல் இழையும். கோட்டுவாத்தியம் என்றும் சொல்லப்படும் நம் சித்திரவீணையில் மரக்கட்டை செய்கிற அதே வேலை. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு ஹவாய் கிடார் அந்நியமாகத் தோன்றாதது இதனால்தான். இந்த முறையைக் கண்டவர் என்று பெரும்பாலோர் சொல்லும் ஜோசப் கெக்கூக்குவும் லாயியேக்காரர், 1874இல் பிறந்தவர். தண்டவாளத்தருகே கிடைத்த இரும்பு போல்ட் ஒன்று தற்செயலாகத் தந்தியில் பட்டு ஒலித்ததை அவர் வளர்த்தெடுத்தார் என்று சொல்லப்படுகிறது. போட்டிக் கதைகளும் உண்டு. இந்தியாவில் பிறந்து கப்பல் வழியே ஹொனலுலு சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர்தான் முதலில் வாசித்தார் என்பது அவற்றில் ஒன்று. கெக்கூக்கு 1904இல் ஹவாயை விட்டுப் புறப்பட்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மேடையேறி, 1932இல் நியூஜெர்சியில் இறந்தார். வாத்தியத்தின் முதல் வித்வானே வெளியூரில் சுற்றிச் சுற்றி வாழ்ந்து முடிந்தவர். பின்னால் வந்தவர்களின் கதியும் அதையொட்டியே அமைந்தது.

1893இல் ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. அதன்பின் வந்த தலைமுறையில் இசை தெரிந்த பலருக்குக் கப்பல் ஏறுவதே பிழைப்பு வழியானது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சியில் ஹவாய் இசையைக் கேட்டு அமெரிக்கா மயங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே சக்கைப்போடு போட்ட இசைத்தட்டுகளில் ஹவாய்த் தட்டுகளும் இருந்தன. விற்பனைக்கு வந்த முதல் மின்சார கிடார்கூட மடியில் வைத்து வாசிக்கும் இந்த வகைதான். 1930களின் தொடக்கத்தில் வந்த அதற்கு உருவத்தை வைத்து 'வாணலி' என்று பட்டப்பெயர் விழுந்தது. இத்தனை கிராக்கி இருந்தும், விற்றது தீவின் பெயர். தனி ஆளின் பெயர் விற்கவில்லை. சுவரொட்டியில் 'ஹவாய்' என்ற சொல் பெரிதாக இருந்தால் போதும், கொட்டகை நிறைந்துவிடும். யார் வாசிக்கிறார்கள் என்று டிக்கெட் வாங்கியவர் கேட்கவில்லை, குழு முதலாளியும் சொல்லவில்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸை அந்த இசை கேட்போர் எல்லோரும் அறிவார்கள். 1929இல் அவர் பாட்டுகளுக்கு ஸ்டீல் கிடார் வாசித்த ஜோ கைப்போவின் பெயரைச் சொல்ல ஆராய்ச்சியாளர்தான் வரவேண்டும். நம் பழைய சினிமா இசைத்தட்டிலும் பாடகரும் இசையமைப்பாளரும் இருப்பார்கள். உயிரைக் கொடுத்து வாசித்த வயலின்காரர் இருக்கமாட்டார்.

டாவ் மோயேயின் வாழ்க்கை இதற்கு முழு உதாரணம். 1908இல் அமெரிக்க சமோவாவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் லாயியேக்குக் குடிபெயர்ந்தது. மேடம் ரிவியேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நடத்திய குழுவில் 1920களின் இறுதியில் தன் சிற்றப்பன்மாரோடு சேர்ந்தார். அதே குழுவில் பாடி ஆடிய ரோஸ் அவருடைய மனைவி. குழு கிழக்காசியாவுக்குக் கப்பலேறியது. டோக்கியோவில் தட்டுகள் பதிவாயின. மகன் லானி ஜப்பானில் பிறந்தான். பிறகு குடும்பமே ஒரு குழுவானது. லானி தவழும் வயதிலிருந்தே மேடையில் வளர்ந்தான். சீனா, தென்கிழக்காசியா, இந்தியா, மத்திய கிழக்கு, ஐரோப்பா என்று நீண்ட பயணத்தில், இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளை அவர்கள் கல்கத்தாவில் கழித்தார்கள். ஹோட்டல் மேடையில் வாசிப்பு, பகலில் சொல்லிக்கொடுப்பு. மகள் டோரியன் இந்தியாவில் பிறந்தாள். போருக்குப் பின் மீண்டும் ஐரோப்பா. பல ஆண்டுகள் பெல்ஜியத்தில் வீடு. 1980களின் தொடக்கத்தில்தான் லாயியே திரும்பினார்கள். கடிதம் போட்ட கிழவர் தலைமறைவாக எங்கும் ஒளிந்திருக்கவில்லை. புறப்பட்ட ஊருக்கே வந்து, சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் ஏன் தெரியவில்லை? 78 சுற்று இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரக்கும் கல்பொடியும் கலந்து அழுத்திய கனத்த கறுப்புத் தட்டு. பத்து அங்குலத் தட்டென்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். நடுவிலுள்ள வட்டக் காகிதத்தில் கம்பெனி பெயர், பாட்டின் பெயர், குழுவின் பெயர், விற்பனை எண். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் காகிதத்தில் இடம் பிடிக்கும் பெயர்தான் வரலாற்றில் இடம் பிடிக்கிறது. 'மேடம் ரிவியேரின் ஹவாயியர்கள்' என்ற பெயரிலிருந்து சமோவாவில் பிறந்த டாவ் மோயேயை எப்படி எட்டுவது? அவரைப் பற்றிய தாள்களும் சிதறிக் கிடந்தன: பிறப்பு சமோவாவில், வளர்ப்பு ஹவாயில், குரலும் கைவண்ணமும் ஜப்பானில், மாணவர்கள் இந்தியாவில், குடியிருப்பு பெல்ஜியத்தில். ஒவ்வொரு நாட்டின் ஆவணக் காப்பகமும் தன் மக்களின் இசையைத்தான் சேர்க்கும். வந்து போனவர் எந்த நாட்டுக்கும் சொந்தக்காரர் இல்லை. ஆகவே எந்த அலமாரியிலும் அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்கப்படவில்லை. மறதி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த அலமாரிப் பிரச்சினைதான்.

இப்படிப்பட்ட ஒருவரைத் தேடுபவர் குழுவின் புகழ்மொழிகளை விட்டுவிட்டு, பிழைப்பு விட்டுச்சென்ற தடயங்களைத்தான் பிடிக்க வேண்டும். முதல் தடயம் தட்டிலேயே இருக்கிறது. பாட்டின் வரிப்பள்ளம் முடியும் இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையிலுள்ள வழவழப்பான வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சில எண்கள் தெரியும். அது பதிவு எண். விற்பனை எண் வேறு. பதிவுக் கூடத்தின் பேரேடு பிழைத்திருந்தால், எந்த நாள், எந்த ஊர், சில வேளை யார் யார் என்பதுவரை அந்த எண் கொண்டுபோய்ச் சேர்க்கும். அடுத்தது கப்பல் பயணிகள் பட்டியல். சுவரொட்டிக்குப் புனைபெயர் போதும். குடியேற்ற அதிகாரிக்குச் சொந்தப் பெயரும் வயதும் பிறந்த ஊரும் தேவை. எழுத்துப் பிழையோடு எழுதியிருப்பார்கள் என்பதால் ஒரே பெயரை நாலைந்து விதமாகத் தேட வேண்டியிருக்கும். மூன்றாவது, பெரிய ஹோட்டல்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரங்கள். ஒரு குழு எத்தனை வாரம் ஓர் ஊரில் தங்கியது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். நான்காவதும் பலரும் கவனிக்காததும் மாணவர்கள். குழு ஊரை விட்டுப் போனாலும் சொல்லிக்கொடுத்த பாடம் போவதில்லை.

இதற்கு ஒருவர் எளிதாக மறுப்புச் சொல்லலாம்: டாவ் மோயேயை எந்த முறையும் கண்டுபிடிக்கவில்லை, அவரே கடிதம் போட்டார், அவ்வளவுதானே? உண்மைதான். ஆனால் அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்று பார்க்க வேண்டும். 1920களின் ஹவாய்த் தட்டுகளைத் தேடிச் சேர்த்து, அந்தப் பாணியைத் தன் விரலில் ஏற்றி, அதைத் திரும்பவும் தட்டாக வெளியிட்ட ஒருவருக்குப் போனது. பிராஸ்மன் வாசிக்காமல் இருந்தால் லாயியேயில் இருந்தவருக்கு எழுதக் காரணமே இருந்திருக்காது. எழுதினாலும், அந்த டோக்கியோத் தட்டுகளை அறியாத ஒருவர், தட்டு கேட்டு எழுதும் ஆயிரம் கடிதங்களில் ஒன்றாக அதை ஒதுக்கிப் போட்டிருப்பார். உழுது போட்ட நிலத்தில்தான் மழை பயிராகும். தற்செயலை மறுக்க வேண்டியதில்லை. அது விழுவதற்குத் தோதான இடம் ஏற்கெனவே உழைப்பால் தயாராகியிருந்தது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கடுமையானது. ஹோட்டலில் விருந்து சாப்பிடுகிறவர்களின் காதுக்கு இதமாக வாசித்த குழுதானே இது, இத்தனை பாடுபட்டுத் தேட என்ன இருக்கிறது என்பது. கல்கத்தா இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே மோயேயிடம் கற்றவர்களில் ஒருவர் கார்னி நிஸ். 'அலோஹா பாய்ஸ்' என்ற குழுவை நடத்தி, இந்தியாவில் ஹவாய் கிடாரைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். வங்காளத்தில் ஹவாய் கிடார் வீட்டு வாத்தியமாகவே ஆனது. ரவீந்திரநாத் தாகூரின் பாடல்கள் முதல் சினிமாப் பாட்டுவரை அதில் ஒலித்தன. பின்னர் ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா அதே மடிக் கிடாரில் ராகம் வாசித்துக் காட்டினார். அவருடைய சீடர் கல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா. அவரோடு சேர்ந்து வாசித்துத் தட்டு வெளியிட்டவர் வேறு யாருமில்லை, பிராஸ்மன்தான். இந்த முழு மரத்தையும் ஒரே ஆள் நட்டார் என்று சொன்னால் அது மிகை. மோயே வருமுன்பே ஹவாய் இசைத்தட்டுகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. இழைத்து வாசிக்கும் மரபு விசித்திரவீணையிலும் சித்திரவீணையிலும் இங்கே முன்பே இருந்தது. ஆனால் தட்டைக் கேட்டு ஒலியைக் கற்கலாம். எஃகுத் துண்டை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எவ்வளவு எடை கொடுப்பது என்பதை எதிரில் உட்கார்ந்த குருவிடம்தான் கற்க முடியும். ஹோட்டல் மேடைக்கு வெளியே நடந்த அந்தப் பாடங்கள் எந்த விளம்பரத்திலும் இல்லை. வாசித்தவரைத் தேடினால் மட்டுமே அவை தெரியவரும்.

முதியவரின் நினைவை அப்படியே நம்பலாமா என்ற கேள்வியும் நியாயமானது. 1930களில் ஜெர்மனியில் வாசித்ததையும், ஹிட்லரை நேரில் கண்டதையும் மோயே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் கதை. அதனாலேயே நிதானமாகக் கேட்க வேண்டிய கதை. அதற்காக நினைவை ஒதுக்கிவிட முடியாது. நினைவு ஊரையும் ஆண்டையும் சொல்லும், அதை விளம்பரமும் பயணிகள் பட்டியலும் உறுதி செய்யவோ திருத்தவோ செய்யும். தாள் மட்டும் இருந்தால் வாழ்க்கை தெரியாது. நினைவு மட்டும் இருந்தால் ஆண்டு தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டுமானால் அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். மறக்கப்பட்ட கலைஞரைத் தேடுவதில் அவசரம் இருப்பது இங்கேதான். தன்னைத் தேட வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள்; அவர்களின் கதவைத் தட்டக் கூடாது. மோயே தானே கதவைத் திறந்து வைத்திருந்தவர்.

கடிதத்துக்குப் பின் நடந்ததும் இந்த வாதத்துக்கே வந்து சேர்கிறது. பிராஸ்மன் லாயியேக்குப் போனார். டாவும் ரோஸும் அப்போது எண்பதைத் தொட்டவர்கள். டோக்கியோத் தட்டுகளிலிருந்த பாட்டுகளையே லானியோடும் டோரியனோடும் சேர்ந்து, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, அதே பழைய முறையில் மீண்டும் பாடிப் பதிவு செய்தார்கள். 'எங்கள் இளமைக்காலப் பாட்டுகளை நினைத்து' என்று பொருள்படும் ஹவாய் மொழித் தலைப்போடு 1989இல் அது வெளிவந்தது. மோயே 2004இல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். பாட்டுகள் பழையவை, பாடியவர்களில் இருவர் பழையவர்கள். மாறியது முகப்பு அட்டை மட்டும்தான். குழு நடத்தியவரின் பெயரும் தீவின் பெயரும் இருந்த இடத்தில், இந்த முறை 'டாவ் மோயே குடும்பம்' என்று அச்சாகியிருந்தது.