ஆறாவது வாரத்தில் தாயையும் விசாரியுங்கள்

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் 2016-ல் ‘அமுதம்’ தாய்ப்பால் மையம் தொடங்கப்பட்டது. தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமி நீக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குப் புகட்டுகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றுவதில் புதுச்சேரி வெகுதூரம் வந்துவிட்டது. பெற்றவள் மனம் எப்படி இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

உடம்பைக் கவனிக்க நம் வீடுகளுக்குத் தெரியும். ‘பச்சை உடம்பு’ என்று தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பதும், பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் ஆக்கிப்போடுவதும் வெறும் சடங்கல்ல. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் கூடுதலாகச் சுமார் 600 கலோரி தேவை. புரதமும் கூடுதலாக வேண்டும். பத்தியத்தில் கைவிட வேண்டியது, “தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்” என்று தாகத்தோடு வைத்திருக்கும் வழக்கம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் கால் இரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். தண்ணீரைக் குறைத்துப் படுக்கையிலேயே கிடத்தினால் அது இன்னும் கூடும்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும், கர்ப்பத்தில் பல மடங்கு ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் சில நாட்களிலேயே சரிந்துவிடுகின்றன. கூடவே தையல் வலி, பால்கட்டு, தூக்கமில்லாத இரவுகள். மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு; இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல் நாட்கள் நீண்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் வெளியான கட்டுரை, இது 22 சதவீதத் தாய்மாருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது.

ஹார்மோன் மேல் மட்டும் பழிபோட முடியாது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில் தெரிந்த காரணங்களைப் பாருங்கள்: வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஆளில்லாமை. பத்தியச் சாப்பாடு தட்டில் இருக்கும்போதே “பொண்ணுதானா?” என்று கேட்கும் வீட்டில் எந்த மருந்து வேலை செய்யும்?

மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 1987-ல் உருவான எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள் மனநிலையைப் பற்றியவை. அதன் தமிழ் வடிவத்தைச் சோதித்த ஆய்வு 2005-லேயே வெளிவந்துவிட்டது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி போட அம்மா எப்படியும் வருகிறாள். குழந்தையை எடைபோடும் அந்த வேளையிலேயே இந்தக் கேள்விகளையும் அவளிடம் தனியாகக் கேட்டுவிடலாம். பிரான்சில் 2022 ஜூலை முதல், பிரசவித்த நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் தாயோடு மருத்துவரோ பேறுகாலச் செவிலியோ அமர்ந்து பேசுவது கட்டாயம். பிரெஞ்சுச் சட்டங்கள் பலவற்றைப் பார்த்த ஊர் புதுச்சேரி. இதையும் இங்கே கொண்டுவர வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இரவில் பால் குடித்த குழந்தையை ஏப்பம் விடவைத்துத் தூங்கவைக்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று அவள் சொன்னாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தனியே விடவும் கூடாது. அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.