சுவிசேஷ அழைப்பும் யாழ்ப்பாணச் சமூகமும் – ஒரு நோக்கு

கிறிஸ்தவ மிஷனரிமார் தமிழுக்கு ஆற்றிய தொண்டுபற்றி நம்மிடையே பல கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன. அகராதி, அச்சுக்கூடம், பத்திரிகை, பாடசாலை, மருத்துவ நூல் என அவர்தம் பணிகள் அவற்றில் வரிசைப்படுத்தப்படும். இதற்கு மறுதலையாக, அவர்களைக் குடியேற்ற ஆட்சியின் கருவிகளாக மாத்திரம் காணும் நோக்கும் உண்டு. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அம்மனிதர் தமது செயலுக்குத் தாமே கூறிய காரணத்தை இரு சாராரும் கணக்கிலெடுப்பதில்லை. அவர்கள் கடல் கடந்து வந்தது அகராதி தொகுப்பதற்கன்று. சுவிசேஷத்தைப் பிறருக்கு அறிவித்தல் கிறிஸ்தவர்மீது சுமத்தப்பட்ட கடமை என்ற நம்பிக்கையே அவர்களை இங்கு கொணர்ந்தது. அக்கடமை எத்தகையது, யாழ்ப்பாணத்தில் அது எவ்வாறு உருமாறியது, அதனைச் செவிமடுத்தோர் அதற்கு அளித்த விடை யாது என்பனவற்றை ஈண்டு நோக்க விழைகிறோம்.

மத்தேயு சுவிசேஷத்தின் இறுதியில், உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடரை எல்லா இனத்தாரிடமும் அனுப்பும் பகுதி வருகின்றது. கிரேக்க மூலத்தில் அப்பகுதியின் தலைமை வினை 'சீடராக்குதல்' என்பதாகும். போதல், ஞானஸ்நானம் கொடுத்தல், போதித்தல் ஆகியன அவ்வினையைச் சார்ந்தே நிற்கின்றன. சீடனாதல் என்பதோ ஒருவன் தானே உவந்து ஏற்கவேண்டிய நிலை. எனவே இக்கட்டளை அறிவிப்பவனைக் கட்டுப்படுத்துகின்றதேயன்றிக் கேட்பவனைக் கட்டுப்படுத்துவதில்லை. அறிவிப்பவன் தன் பங்கை எவ்வளவு செவ்வையாகச் செய்யினும், மற்றவன் மனமிசையாதவிடத்துக் கருதிய பயன் கைகூடாது. மிஷன் வரலாற்றின் சிக்கல்களுட் பல இந்த ஒரு முடிச்சிலிருந்தே கிளைத்தவை என்பது நமது கருத்து.

இக்கட்டளை எக்காலத்தும் ஒரேவகையாக விளங்கிக்கொள்ளப்பட்டதுமில்லை. சமயச் சீர்திருத்தத்தின் பின்வந்த புரொட்டஸ்தாந்து இறையியலாளர் பலர், அது அப்போஸ்தலருக்கு மாத்திரம் இடப்பட்டதென்றும் அவர்களோடு முடிந்ததென்றும் கொண்டனர். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் புளுட்சோவும் டென்மார்க் அரசனின் ஆதரவில் வந்தவர்கள். சாதாரண விசுவாசிகள் ஒன்றுசேர்ந்து பணந்திரட்டித் தூர தேசங்களுக்கு ஆளனுப்பும் முறை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலுப்பெற்றது. சப்பாத்துத் தொழிலாளியாயிருந்து போதகரான வில்லியம் கேரி 1792 இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், கட்டளை இன்னும் செல்லுபடியாகின்றது என வாதிட்டார். சாசனம் பெற்ற வர்த்தகக் கம்பனி தன் இலாபத்தை நாடி எவ்வாறு முயல்கின்றதோ அவ்வாறே கிறிஸ்தவரும் முயலவேண்டும் என அவர் காட்டிய உவமை சிந்திக்கத்தக்கது. வணிக முதலாளித்துவம் உலகெங்கும் பரந்த காலத்தின் முத்திரை அந்த உவமையிலே தெளிவாகத் தெரிகின்றது. அதே ஆண்டில் பப்திஸ்த மிஷன் சங்கமும், 1795 இல் இலண்டன் மிஷன் சங்கமும், 1799 இல் சேர்ச் மிஷன் சங்கமும், 1810 இல் 'அமெரிக்கன் போர்ட்' எனப்பட்ட அமெரிக்கச் சங்கமும் தோன்றின.

யாழ்ப்பாணம் கிறிஸ்தவத்தை முதலில் அறிந்தது இச்சங்கங்களின் வாயிலாகவன்று. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்படுத்தினர்; 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தரின் கீழ்க் கோயிற்பற்றுப் பாடசாலை, சமயத்துக்கும் அரசாங்கப் பதிவுக்கும் பொதுவான நிலையமாயிற்று. ஞானஸ்நானமும் விவாகமும் அங்குத் தோம்பிற் பதியப்பட்டன. அப்பதிவின்றி உத்தியோகம் பெறுதலும் முதுசத்துக்கு உரிமை நாட்டுதலும் அரிது. எனவே பெருந்தொகையானோர் ஏட்டளவிற் கிறிஸ்தவராயினர். பிரித்தானியர் வந்து நிர்ப்பந்தம் தளர்ந்ததும் அவருட் பெரும்பாலோர் சைவராகவே வெளிப்பட்டனர். இதற்கு நேர்மாறாக, ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்கமோ நிலைத்து நின்றது. 1687 இல் மாறுவேடத்தில் வந்துசேர்ந்த கோவாவின் யோசேப் வாஸ் முனிவருக்கு வழங்குவதற்கு உத்தியோகமுமில்லை, காணியுமில்லை. அரசின் ஆதரவு பெற்ற அறிவிப்புக் கரைந்துபோக, அரசு துரத்திய அறிவிப்பு வேரூன்றியமை சமூகவியலாளர் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்றாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்சிப்பரப்பில் அவர்களை வரவேற்கவில்லை. இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிருந்தமை வாய்ப்பாயிற்று. தானியல் பூவர் தெல்லிப்பழையிலும், மெயிக்ஸ், றிச்சார்ட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். இவர்கள் பின்னால் ஒல்லாந்தர் கையாண்டதுபோன்ற அரச நிர்ப்பந்தம் இருக்கவில்லை. கைவசமிருந்தது பாடசாலை. 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆரம்பித்த உயர்கல்வி நிலையம் பின்னர் செமினரி என வழங்கலாயிற்று. 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தோன்றியது. விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர் ஏற்றனர். கொடுத்தவரின் விருப்பப்படி பிள்ளைக்குப் பெயரும் சூட்டப்பட்டது. அக்காலத்துத் தமிழறிஞர் சிலரின் பெயர்களுக்கு முன்னால் ஆர்னல்ட் என்றும் கறோல் என்றும் நெவின்ஸ் என்றும் நிற்பதற்குக் காரணம் இதுவே. உடுவிலிற் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு ஆரம்பத்தில் மிஷன் சிறு சீதனமும் அளித்தது. யாழ்ப்பாணத்து விவாகச் சந்தையின் இயல்பை அந்நியர் எத்துணை விரைவில் அறிந்துகொண்டனர்!

இங்கே நாம் முதலிற் குறிப்பிட்ட முடிச்சு இறுகுகின்றது. வரண்ட நிலமும் துண்டு துண்டான காணியுங் கொண்ட தீபகற்பத்தில், ஆங்கிலக் கல்வி குடும்பத்தின் பொருளாதார நிலையையே மாற்றவல்லது. அக்கல்வி சுவிசேஷ அழைப்போடு ஒரே கையால் நீட்டப்பட்டபோது, பெறுபவன் எதனை ஏற்றான் என்பதை எவ்வாறு அறிதல்? அவனே திட்டமாக அறிந்திருப்பானா என்பதும் ஐயத்துக்குரியது. ஞானஸ்நானம் பெற்றோரெல்லாம் உத்தியோகத்துக்காக மாறினர் என்பது மேற்போக்கான கூற்று. உற்றார் ஒதுக்க, முதுசம் இழந்து நின்றோரும் அவர்களிடையே இருந்தனர். ஆனால் வெளியிலிருந்து நோக்குவோன் இவர்களையும் அவர்களையும் பிரித்தறியும் வழியை மிஷனே அடைத்துவிட்டது எனலாம்.

அறிவின் துணையாலும் மிஷனரிமார் முயன்றனர். பஞ்சாங்கத்தின் பிழையை நிறுவிவிட்டால் அதனைத் தாங்கும் புராண நம்பிக்கையும் சரியும் என்பது பூவரின் எதிர்பார்ப்பு. 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் குறித்து, பஞ்சாங்கங் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்போடு ஐரோப்பிய வானியற் கணிப்பை அவர் பகிரங்கமாக ஒப்பிட்டார். கிரகணம் பூவரின் பக்கமே சாட்சி கூறியது. ஆனால் அதனைக் கண்டோர் திரளாகக் கிறிஸ்தவராகிவிடவில்லை. வானியலை வானியலாகவே ஏற்று, வழிபாட்டை வழிபாடாகவே தொடர்ந்தனர். சுவிசேஷத்தோடு வந்த பொருள்களைச் சுவிசேஷத்தினின்றும் பிரித்தெடுக்கும் ஆற்றல் யாழ்ப்பாணத்தாரிடம் இருந்தது. அவர்களை ஏமாற்றப்பட்ட அப்பாவிகளாகச் சித்திரிக்கும் தேசிய எழுத்தாளர் இந்த ஆற்றலைக் காணத் தவறுகின்றனர்.

மிஷன் தலைமைப்பீடம் இதனைக் கண்டது. அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன், மிஷனரியின் பணி சுவிசேஷத்தை மக்களின் மொழியில் அறிவித்துச் சுதேசத் திருச்சபையை அதன் சொந்தக் காலில் நிறுத்துவதே என்ற கொள்கையினர். நாகரிகம் பரப்பல் அவர் நோக்கில் மிஷனின் இலக்கன்று. செமினரியோ ஆங்கிலங் கற்ற உத்தியோகத்தரையே பெரிதும் உருவாக்கிற்று. 1855 இல் அது மூடப்பட்டது. ஈராண்டின் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவருமே, சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையின் மாணவர்கள். மிஷன் தோல்வியென மூடியதைத் தமிழிலக்கிய வரலாறு தன் பேறாகக் கணக்கில் வைத்துக்கொண்டது. ஆங்கிலக் கல்வியை மீண்டும் வேண்டி நின்றவர்களும் யாழ்ப்பாணத்தாரே. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. அண்டர்சனின் முடிவு கல்விக்கு இழைத்த தீங்கு என்றே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. அது உண்மையாயினும், அழைப்பையும் சலுகையையும் ஒன்றாக நீட்டலாகாது என்ற நேர்மையின் சாயல் அம்முடிவில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

அழைப்பைக் கேட்டோருள் மிகக் கூர்மையாகக் கேட்டவர் ஆறுமுக நாவலர் (1822–1879). வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடனுழைத்தவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. தமிழ்த் திருச்சபைகளோ அதனைத் தம்முடையதாக்கிக்கொள்ளவில்லை. மாற்றுச் சமயத்தவரின் நூலை நாவலரைப்போல வரிவரியாகக் கற்ற சைவர் அக்காலத்தில் மிகச் சிலர். 1847 டிசெம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கியவர், அடுத்த ஆண்டு பாடசாலையையும் அதன்பின் அச்சியந்திரத்தையும் நிறுவினார். 1854 இல் வெளியான 'சைவதூஷண பரிகாரம்', சைவக் கிரியைகளைப் பழிப்போரின் வேதாகமத்திலேயே கோயிலும் பலியும் தீபமும் இருப்பதை எடுத்துக்காட்டி வாதிடுகின்றது. பிரசங்கம், பாடசாலை, துண்டுப்பிரசுரம், வினாவிடை ஆகிய மிஷன் சாதனங்களெல்லாம் மறுப்பின் சாதனங்களாயின. சமயம் என்பது காரணங்காட்டி விளக்கப்படவும் பொதுமக்களிடம் எடுத்துச் செல்லப்படவும் வேண்டியது என்ற எண்ணம் சைவத்துக்குள்ளும் இவ்வாறு புது வேகம் பெற்றது.

ஆயினும் நாவலர் இயக்கத்தின் வர்க்கச் சார்பையும் மறைத்தலாகாது. அவர் பிரசங்கந் தொடங்கிய அதே 1847 இல், பேர்சிவலின் பாடசாலையில் தாழ்த்தப்பட்ட சாதி மாணவன் ஒருவன் சேர்க்கப்பட்டபோது வெள்ளாள மாணவர் பலர் விலகிச் சென்றனர். பைபிளைப் படிப்பதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அருகிருத்தலைப் பொறுக்க முடியவில்லை. மிஷன்களும் இதிற் குற்றமற்றவையல்ல. 'எல்லா இனத்தாரிடமும்' எனத் தொடங்கிய அழைப்பு, வெள்ளாளரை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தாற் பல இடங்களிற் சாதியின் படலையோடு நின்றுவிட்டது. உதவிபெறும் பாடசாலைகளிற் சமாசனம் அளிக்கப்படவேண்டும் என அரசாங்கம் 1929 இற் பணித்ததும், தொடர்ந்து பாடசாலைகள் தீக்கிரையானதும் நாம் அறிந்தவை.

இந்த அனுபவத்தின் பின்னணியிலேதான் யாழ்ப்பாணம் தந்த மெதடிஸ்த இறையியலாளர் டி. ரி. நைல்ஸின் (1908–1970) விளக்கத்தை வாசிக்கவேண்டும். சுவிசேஷம் அறிவிப்பவன் நிறைந்த களஞ்சியத்திலிருந்து ஈயும் வள்ளலல்லன். தானும் பசித்தவனாயிருந்து, உணவு கிடைக்குமிடத்தை மற்றொரு பசித்தவனுக்குச் சொல்பவன் என்பது அவர் கொண்ட நிலைப்பாடு. கொடுப்போன்–வாங்குவோன் என்ற மேல்கீழ் உறவை அகற்றும் முயற்சி இது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய பிரகடனமும், விசுவாசத்தை ஏற்பதில் நிர்ப்பந்தத்துக்கு இடமில்லை என வலியுறுத்தியது.

இன்று இப்பிரச்சினை இறையியலாளரிடமிருந்து நீதிமன்றத்துக்குப் பெயர்ந்துள்ளது. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு சமயத்தைப் பரப்பும் உரிமையை வெளிப்படையாகக் கூறுகின்றது. ஆனால் அவ்வுரிமையில் மதம் மாற்றும் உரிமை அடங்காது என 1977 இல் இந்திய உயர் நீதிமன்றம் தீர்த்தது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பிற் 'பரப்புதல்' என்ற சொல்லே இல்லை. கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் மசோதா குறித்து 2003 இல் நமது உயர் நீதிமன்றம் அதனையே சுட்டிக்காட்டிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005 இல் அச்சபையின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. பலவந்த மதமாற்றத்தைத் தடுப்பதெனக் கூறி 2004 இல் இங்குக் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை.

இத்தகைய சட்டங்களின் மையச் சொல் 'தூண்டுதல்' என்பதாகும். பசித்தவனுக்குச் சோறு கொடுத்து மனத்தை வாங்குதல் இழிவானது என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயின் சட்டம் யாரைக் காக்க முனைகின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். 1967 இல் இயற்றப்பட்ட ஒரிசாச் சட்டம், மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்ட சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருப்பின் தண்டனையை இருமடங்காக்குகின்றது. தூண்டுதலுக்கு இலகுவில் ஆட்படுவோர் இவர்களே என்பது அதன் கணிப்பு. நிலமும் சாதிப்பெருமையுமுள்ள ஆண்மகன் தன் சமயத்தைத் தானே தெரிவான், மற்றையோர் மாற்றப்படுவார்கள்! 1847 இற் பாடசாலையை விட்டு விலகிய குடும்பங்களும் இதே கணிப்பையே கொண்டிருந்தன.

தாழ்த்தப்பட்டோரின் தெரிவு எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்கு அம்பேத்கர் சான்று. இந்துவாக இறக்கமாட்டேன் என அவர் 1935 இல் இயோலாவில் அறிவித்ததும் கிறிஸ்தவ, இஸ்லாமிய, சீக்கியத் தலைவர்கள் அவரை நாடி வந்தனர். அவர் அனைவர் கூற்றையும் கேட்டார், கற்றார், இருபத்தோராண்டுகள் எடுத்துக்கொண்டார். 1956 ஒக்டோபர் 14 ஆந் திகதி நாகபுரியிற் பல இலட்சம் மக்களுடன் அவர் தழுவியது, தம்மை அழைத்து வந்த அம்மூன்றில் எதனையுமன்று, பௌத்தத்தை.